நட்சத்திரம் போட்டால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தபோது 'கம்ப்யூட்டரின் பயன்கள்' என்று எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதைப் பத்தாவது படிக்கும்போதே எழுதி ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசும் வாங்கியாச்சு. ஆகவே இந்த முறை, நானே உட்கார்ந்து கட்டிய ஒரு சின்ன அப்ளிகேஷனைப் பற்றியும், அதனால் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு சங்கடத்தைப் பற்றியும் எழுதுகிறேன். என் கருத்து பிடிக்காதவர்கள் கேன்டீனில் வைத்துத் தாராளமாகச் சண்டை போடலாம். டீ உங்கள் செலவு.

என் அப்பா டூவீலர் மெக்கானிக். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. அப்பா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தார். எழுத்துக் கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்; பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் கட்டியதை முதலில் பார்த்து 'இது எதுக்குடா?' என்று கேட்ட ஆள் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கச் சொன்னபோது சீனியர் அண்ணன் ஒருவர் எனக்கு உபதேசம் செய்தார். "ஏன்டா கஷ்டப்படுற? ப்ராஜெக்ட் சென்டர்ல சில ஆயிரம் குடுத்தா சிடி, ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் சேர்த்தே குடுத்துருவான். வைவாவுக்கு நாலு கேள்வியும் எழுதிக் குடுப்பான்" என்றார். அப்பா ஒரு வண்டி சர்வீஸ் பண்ணிச் சம்பாதிப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்குதான் என்னைக் காப்பாற்றியது. யோக்கியதை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். காசு இருந்திருந்தால் நானும் வாங்கியிருப்பேனோ என்னவோ! கடைசியில் 'கஸ்டமர் ஃபீட்பேக் வெப் அப்ளிகேஷன்' என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டி எப்படி ஓடுகிறது என்று போனிலேயே எழுதிவிட்டுப் போக வேண்டும். அதுதான் விஷயம்.

முதல் வேலை கம்ப்யூட்டரில் அல்ல, பேப்பரில். பெரிய கம்பெனிகள் அனுப்புகிற ஃபாரங்களைப் பார்த்துப் பன்னிரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போனேன். அப்பா ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "வண்டி எடுக்க வந்தவன் பரீட்சையா எழுதப் போறான்?" பன்னிரண்டு மூன்றாகச் சுருங்கியது. வண்டி நம்பர் என்ன? எத்தனை நட்சத்திரம்? என்ன குறை? வண்டி நம்பர் அப்பா சொன்னது. ஆளின் பேர் அவருக்கு மறந்துபோகும், வண்டி நம்பர் மறக்காது. போன் நம்பரை, விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்று விட்டேன். தேவையில்லாமல் அடுத்தவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வது தப்பு என்பது என் எண்ணம். 2023-இல் அதற்கென்று நம் நாட்டில் ஒரு சட்டமே வந்திருக்கிறது.

இரண்டாவது, டேபிள். வரிசை எண், வண்டி நம்பர், நட்சத்திரம், கருத்து, போன், எழுதிய நேரம் என்று ஆறு காலம் போட்டேன். ஏழாவதாக ஒரு காலம் வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையே அந்த ஏழாவது காலத்தைப் பற்றியதுதான், ஆனால் அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது, ஃபாரம். லேப்பில் எல்லோரும் செய்திருப்பீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: 'கெட்' முறையில் அனுப்பினால் எழுதியதெல்லாம் அட்ரஸ் பாரில் வரிசையாகத் தொங்கும், போன் நம்பர் உட்பட. 'போஸ்ட்' முறைதான் சரி. சேமித்த கையோடு வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் ரிஃப்ரெஷ் பண்ணும்போதெல்லாம் அதே புகார் மறுபடி பதிவாகும். என் சோதனையில் ஒரே பைக்குக்குப் பதினோரு தடவை செயின் லூஸ் ஆனது!

நான்காவது, பிஹெச்பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் பயோடேட்டா பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காகச் செய்துவைத்த சின்னக் கருவிதான் இது. 1995-இல் அதை எல்லோருக்கும் கொடுத்தார். சொந்தத் தேவைக்குச் செய்த சாமான் ஊருக்கே உதவியிருக்கிறது பாருங்கள். இந்தக் கட்டத்தில்தான் நான் அதிகம் அடிபட்டேன். யாரோ ஒருவர் இங்கிலீஷில் 'டோன்ட்' என்று எழுதினார். அதன் நடுவே ஒற்றைக் குறி ஒன்று வருமே, அதுபட்டதும் என் கொயரி நடுவில் உடைந்து பக்கம் முழுக்க எரர். தற்செயலாகவே உடைகிறது என்றால் வேண்டுமென்றே உடைக்கிறவன் டேபிளையே துடைத்துவிட்டுப் போவான். கஸ்டமர் எழுதியதைக் கொயரியோடு ஒட்டவே கூடாது. 'ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்' வைத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். பட்டியல் காட்டும் பக்கத்திலும் இதே கதைதான். என் ரூம்மேட் கருத்து கட்டத்தில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்தான். நான் பட்டியலைத் திறந்தால் 'நான்தான்டா ராஜா' என்று திரையில் பெட்டி குதிக்கிறது. காட்டுவதற்கு முன் அந்தக் குறிகளையெல்லாம் செயலிழக்க வைக்கப் பிஹெச்பியிலேயே ஃபங்ஷன் இருக்கிறது. போடாமல் விட்டது என் தப்பு.

தமிழுக்கு வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் தமிழில் எழுதியதெல்லாம் கேள்விக்குறிகளாகவே சேமிப்பானது. டேபிளின் எழுத்து முறை லத்தீனில் இருந்ததுதான் காரணம். யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றினேன். (மை எஸ்க்யூஎல்லில் பழைய 'யுடிஎஃப்8' ஒரு எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழ் தப்பிக்கும், ஆனால் ஸ்மைலி போட்டால் மாட்டிக்கொள்ளும்.) சரி, முடிந்தது என்று பார்த்தால் இன்னொன்று. கருத்து 200 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று 'ஸ்டர்லென்' வைத்து அளந்து வெட்டியிருந்தேன். அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. 'தமிழ்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக மொத்தம் 15. அதாவது இங்கிலீஷில் எழுதுகிறவனுக்கு 200 குறி அளவு இடம். தமிழில் எழுதுகிறவனுக்கு 66 மட்டுமே, மீதி கத்தரிக்கப்படும். குறையைச் சொல்ல ஆரம்பித்த மனுஷன் பாதியில் வாயடைக்கப்படுகிறான், அதுவும் தமிழில் எழுதிய குற்றத்துக்காக! எழுதியவர் நான், ஒரு தமிழ் மீடியம் மாணவன். எண்ணுவதற்கு 'எம்பி ஸ்டர்லென்' என்று மாற்றியபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. டெஸ்ட் பண்ணும்போது நான் 'குட் சர்வீஸ்' என்று இங்கிலீஷிலேயே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் தெரியவில்லை.

மற்றதெல்லாம் சுலபம். பட்டியல் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு, அதை ஹேஷ் செய்து வைத்தேன். ஒரு சாதாரண ஹோஸ்டிங்கில் ஏற்றினேன். அட்ரஸை யாரும் டைப் அடிக்க மாட்டார்கள் என்பதால் க்யூஆர் கோடு பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து பட்டறைத் தூணில் மாட்டினேன். இந்தக் கட்டம் கட்டமான கோடு 1994-இல் ஜப்பானில் டென்சோ கம்பெனிக்காரர்கள் கார் பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது. சுற்றிச் சுற்றி அது மெக்கானிக் ஷெட்டுக்கே வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அனுப்பியதும் ஒரு பக்கம் வரும்: 'நன்றி! உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது.' பச்சை டிக் மார்க்கோடு. பார்க்கவே ஜோராக இருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பால் ஊற்றுகிற அண்ணாச்சி ஒருவர் பல வருஷமாக அப்பாவிடம்தான் மொபெட்டை விடுவார். ஒரு சனிக்கிழமை பின் சக்கரத்துக்குப் புது பிரேக் ஷூ மாற்றிக்கொண்டு போனார். புது ஷூ ரெண்டு நாள் ஓடினால் தேய்ந்து உட்காரும், அப்போது பிரேக் கொஞ்சம் தளரும். திரும்ப வந்தால் ஒயர் நட்டைத் திருகி டைட் வைக்க ஒரு நிமிஷ வேலை, காசும் கிடையாது. திங்கட்கிழமை ராத்திரி அண்ணாச்சி, ஒன்பதாவது படிக்கும் தன் மகளை விட்டு எங்கள் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரு நட்சத்திரம். 'பின் பிரேக் சரியா பிடிக்கல. எப்ப வரட்டும்?'

என் அப்ளிகேஷன் தன் வேலையைத் துளி பிசகாமல் செய்தது. தமிழ் சரியாகப் பதிவானது. வெட்டுப்படவில்லை. ரெண்டு தடவை விழவில்லை. 'நன்றி! உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது' என்று பதிலும் சொன்னது.

'எப்ப வரட்டும்?' என்று கேட்ட மனுஷனுக்கு அதுதான் பதில்.

அப்பாவுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாது. நான் ஹாஸ்டலில் இருந்தேன், வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போகும்போது பார்ப்பேன். அண்ணாச்சி செவ்வாய், புதன் ரெண்டு நாள் காத்திருந்தார். வியாழன் விடியக்காலம் பால் கேனோடு ஒரு வளைவில் நாய் குறுக்கே வர, பிரேக் பிடிக்காமல் விழுந்தார். நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. முழங்கை உரிந்தது, மணிக்கட்டு வீங்கிப் பத்து நாள் கட்டுப் போட்டார், அன்றைய பால் முழுக்க ரோட்டில். சாயங்காலம் பட்டறைக்கு வந்து, கோபப்படக்கூட இல்லையாம். "அதான் உன் மகன் மாட்டி வச்ச அட்டையில எழுதிப் போட்டேனே தம்பி, பாக்கலியா?" என்று மட்டும் கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை அப்பா போனில் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. பட்டியலைத் திறந்தேன். திங்கள், ராத்திரி 9 மணி 12 நிமிஷம். அப்படியே இருந்தது. அப்பா திட்டவில்லை. "முந்தில்லாம் மனசுல உள்ளதை நேர்ல வந்து ஏசிட்டுப் போவாரு. ஏச்சு வாங்குனா வண்டி சரியாயிரும்" என்றார். நான் சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது தூணில் அட்டை இருந்தது. ஆனால் கோடு தெரியாதபடி பின்பக்கம் திருப்பி மாட்டியிருந்தார்.

நண்பர்களே, இங்கேதான் என் கருத்து. ஃபீட்பேக் வாங்குவது என்பது தகவல் சேகரிப்பு அல்ல. அது வாக்குக் கொடுப்பது. 'சொல்லுங்கள்' என்று கட்டம் போட்டு வைத்தவுடன், சொல்கிறவன் 'நான் சொல்லியாச்சு' என்று நிம்மதியாகப் போய்விடுகிறான். நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறான். ஆகவே கேட்க ஆள் இல்லாத இடத்தில் கட்டம் போடுவது, கட்டமே இல்லாமல் இருப்பதைவிட மோசம். எங்கள் பட்டறையில் அந்த அட்டை இல்லாவிட்டால் அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை காலையிலேயே நேரில் வந்திருப்பார்.

என் ரூம்மேட் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "டேய், உன் சாஃப்ட்வேர்ல தப்பே இல்லையே? இன்புட் கரெக்டா சேவ் ஆயிருக்கு. பார்க்காதது உங்க ஆளுங்க தப்பு" என்றான். பரீட்சைக்கு அந்தப் பதில் சரி. எனக்கு அது போதவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்காமல் கட்டியது நான்தானே? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்தான் அந்தப் பட்டறை முதலாளி என்பது என்னைத் தவிர வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? இப்போதெல்லாம் ஏஐயிடம் கேட்டால் ஃபாரம், டேபிள், நட்சத்திரம், பட்டியல் எல்லாம் ஒரே நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. நானும் ஆசைக்குக் கேட்டுப் பார்த்தேன், என்னுடையதைவிட அழகாகவே வந்தது. ஏழாவது காலம் அதிலும் இல்லை. நானும் கேட்கவில்லை, அதுவும் கேட்கவில்லை.

ஏழாவது காலத்துக்குப் பெயர் 'நிலை'. புதுசு, பேசியாச்சு, முடிஞ்சது. மூன்றே மூன்று சொல். யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? அம்மாவிடமிருந்து. பட்டா விஷயமாக அம்மா ஒருமுறை கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போனார். மனுவை வாங்கிக்கொண்டு நம்பர் போட்ட ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அதில் இருப்பதை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார். "இதக் காட்டுனாத்தான நம்மளதக் கேக்க முடியும்" என்பார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தபோதும் மனுவை வாங்கிக்கொண்டால் போதும் என்று விடவில்லை, 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று எழுதினார்கள். படிக்காத அம்மாவுக்கும் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்தது டிப்ளமோ படிக்கிற எனக்குத் தெரியாமல் போச்சு!

இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டேன். 'வண்டி சரியா இருக்கு', 'சரியில்ல' என்று ரெண்டே பட்டன். சரியில்லை என்றால் மட்டும் போன் நம்பர் கட்டாயம், அதுவும் வேலை முடிந்ததும் அழிந்துவிடும். 'மதிப்பு வாய்ந்தது' பக்கமும் போச்சு. அதற்குப் பதிலாக ஒரு நம்பரும், 'இன்னிக்கு ராத்திரி 8 மணிக்குள்ள போன் வரும். பிரேக் கோளாறுன்னா வண்டிய எடுக்காதீங்க, இப்பவே இங்க அழுத்திப் பேசுங்க' என்றும் வரும். அழுத்தினால் அப்பாவுக்கே போன் போகும். யாராவது எழுதினால் டெலிகிராமில் அப்பா போன் மணி அடிக்கும். அப்பாவின் பட்டியலில் சொற்கள் குறைவு. வண்டி நம்பர் பெரிசாக, சிவப்பில். பக்கத்தில் போன் படம். அதைத் தொட்டால் அந்த வண்டிக்காரருக்கு அழைப்பு போகும். அவர் படிக்க வேண்டியதே இல்லை, பேசினால் போதும். பேசி முடித்துத் தொட்டால்தான் சிவப்பு மாறும்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த சார் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "இதுக்கு ஒரு போன் நம்பரை எழுதி ஒட்டினாலே போதுமே, அப்ளிகேஷன் எதுக்கு?" உண்மைதான் சார், ஒரு பட்டறைக்குப் பாதி நாள் அது போதும் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றையும் காட்டினேன். ரெண்டு மாசத்தில் வந்த 'சரியில்ல' பதிவுகள் 23. அதில் 7 பின் பிரேக். ஏழில் ஆறு வண்டிக்கும் ஒரே பெட்டியில் வந்த ஷூ. தனித்தனியாகப் போனில் கேட்டிருந்தால் அப்பாவுக்கு அது ஏழு சம்பவம். வரிசையாகப் பார்த்தபோதுதான் ஒரே சம்பவம் என்று தெரிந்தது. அந்தப் பெட்டியில் மீதி இருந்ததை அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். புது ஷூ போட்ட வண்டிக்கு மூன்றாம் நாள் அவரே போன் செய்து டைட் வைக்கக் கூப்பிடவும் ஆரம்பித்துவிட்டார். அது எந்த கோடிலும் இல்லை.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஹாஸ்டல் மெஸ், பஸ் பாஸ், லேப் சிஸ்டம் என்று குறைகளை ஆன்லைனில் வாங்க வேண்டும் என்று போன கூட்டத்தில் பேசினார்கள். நானே இலவசமாகச் செய்து தருகிறேன். ஆனால் ரெண்டு நிபந்தனை. ஒன்று, 'நிலை' எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியில் தெரிய வேண்டும். எழுதியவன் பெயர் தெரியக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு வாரமும் பார்த்துப் பதில் போட எந்த நிர்வாகி பொறுப்பு என்று முதலில் பெயர் எழுதித் தர வேண்டும். அது வரும்வரை நான் ஃபாரத்தை ஏற்ற மாட்டேன். இப்போது கேன்டீன் வாசலில் இருக்கிற ஆலோசனைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் அடுத்தவரைக் காட்டினார்கள்.

ஜூனியர் தம்பி தங்கைகள் யாருக்காவது கோடு வேண்டுமென்றால் ரெண்டாவது லேப்பில் ஜன்னலோர சிஸ்டத்தில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அட்டையை அப்பா மறுபடி நேராகத் திருப்பி மாட்டிவிட்டார். பால் அண்ணாச்சி மட்டும் இன்னும் அதில் எழுதுவதில்லை; நேரில்தான் வருகிறார்.